பாவாடைக்காரன் கதைக்கு மூன்று அபிப்பிராயங்கள்

இந்த நாட்டு நூலகப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. மலாக்காவுக்கு வந்த ஏழாவது மாதத்தில்தான் இதைக் கவனித்தேன். கவனித்த பிறகு நிம்மதி போய்விட்டது. நகர நூலகத்தில் நான் எடுத்தது ஓர் ஆங்கில நாவல். அட்டையில் கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஓர் ஆண், அவனுக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மூடுபனி. ஸ்காட்லாந்து தேசத்துக் காதல் கதை. அதிலும் காலம் விட்டுக் காலம் தாவுகிற கதை. முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் தேதி முத்திரைகள் மூன்று வரிசையாக இறங்கியிருந்தன. அத்தனை பேர் இதை வீட்டுக்குக் கொண்டுபோய், படுத்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளை. நல்ல கதையா, மோசமா, கதாநாயகி பிழைக்கிறாளா, நடுவில் பத்துப் பக்கம் தள்ளிவிடலாமா, ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பெரிய கூட்டம் வாயை மூடிக்கொண்டு என்னைக் கடந்து போனதுபோல் இருந்தது.

உறையூரில் எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில் வளர்ந்தவள் நான். அங்கே புத்தகத்தைப் பின்னாலிருந்து பிரிப்பதுதான் வழக்கம். ‘சுமார். இரண்டாம் பாகம் தேவையில்லை’ என்று ஒருவர் எழுதியிருப்பார். ‘அழுதுவிட்டேன், ஒரு சகோதரி’ என்று இன்னொருவர். அதற்குக் கீழே வேறு மையில், ‘இந்தச் சகோதரி எதற்கும் அழுவார்’. துப்பறியும் கதை என்றால், ‘டாக்டர்தான் கொலைகாரன், நேரத்தை வீணாக்காதீர்’ என்று எழுதி வைத்த பாவிகளும் உண்டு. பக்கம் நிரம்பிவிட்டால் கடைக்காரரே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ‘இனி இங்கே எழுதவும்’ என்று போட்டுவிடுவார். கல்லூரியில் மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்தேன். திறனாய்வு என்று ஒரு பாடமும் இருந்தது. ஆனால் ஒரு கதையைப் பற்றி மனிதர்கள் எப்படியெல்லாம் சண்டை போடலாம் என்பதை அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தன.

கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானா. பெரும்பாலும் மலாய்க்காரர்கள் வாழும் சின்ன ஊர். நம்மவர் கடைகள் நாலைந்துதான். அதில் ஒரு டயர் கடையில் என் கணவர் வேலை செய்கிறார். வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். இரந்து வந்தவளிடம் கேட்பதுபோல் எனக்குப் பட்டது. “எனக்கு ஒண்ணும் பசியில்லைங்க” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அன்பாக விசாரிப்பதற்கு இங்கே அதுதான் சொல் என்று கணவர் விளக்கியபோது, அந்த அம்மா என்னைத் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. இங்கே ‘ஊர்’ என்றால் இந்தியா. இங்கே பிறந்து, அப்பா அம்மாவும் இங்கேயே பிறந்து, கப்பலையே பார்க்காதவர்கள்கூட, “ஊர்ல இப்ப மழையா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு ஊர்ப் பெண். உறையூரில் இருக்கும் உங்களுக்கோ நான் மலேசியாக்காரி. இதைப் படிக்கிற என்னைப் போன்ற மற்றவர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

புறப்படும்போது நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்பியதும் நினைவிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தோட்டத்து ஜனங்கள், புத்தகம் கித்தகம் தொடமாட்டார்கள், உன் படிப்பையெல்லாம் பெட்டியிலேயே வைத்துக்கொள் என்றீர்கள். நானும் நம்பித்தான் வந்தேன். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் மலாக்கா டவுனில் எனக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. மஸ்ஜித் தானாவிலிருந்து டவுன் விளிம்பிலுள்ள தெங்கேரா வரை மல்லிகா அக்காவின் காரில் போவேன். இங்கே காரைக் ‘காடி’ என்பார்கள். மல்லிகா அக்காவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். தெங்கேராவில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் பெயர் பதிகிறவர். ஒருநாளைக்கு எண்பது பேரிடம், “ஐசி இருக்கா, ஐசி எங்க?” என்று அடையாள அட்டையைக் கேட்டுக் கேட்டு அவர் சாதாரணமாகப் பேசினாலே விசாரணை மாதிரி இருக்கும். வழியில் தோட்டத்து முச்சந்தியில் தேவி ஏறிக்கொள்வாள். இருபது வயது. தெங்கேராவில் ஒரு சேலைக் கடையில் வேலை. ஆறாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது நம் ஒன்பதாம் வகுப்பு, அதோடு நின்றுவிட்டாள். இன்னும் அம்மாவோடு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறாள். நான் சேர்வதற்கு முன்னால் இவர்கள் இருவரும் வீடியோவில் பார்த்த படங்களின் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போவார்களாம். படங்கள் தீர்ந்துபோன நேரத்தில் நான் வந்து மாட்டினேன். “ஊர்ப் பொண்ணு, பிஏ படிச்சிருக்கே, நீ ஒரு கதைய எடுத்து விடு” என்று மல்லிகா அக்கா கட்டளை போட்டார். கையில் இருந்தது அந்த ஸ்காட்லாந்து நாவல். மறுநாளிலிருந்து போகும்போது ஒரு பாகம், வரும்போது ஒரு பாகம்.

கதை இதுதான். இந்தக் காலத்து லண்டனில் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் ஆன் என்ற பெண், விடுமுறைக்கு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போகிறாள். கடல் வற்றும் நேரத்தில் மணலில் நடந்தே போகக்கூடிய சின்னத் தீவு ஒன்று அங்கே இருக்கிறது. தீவில் ஆள் இல்லை. இடிந்த கல் சுவர்களும், ‘இங்கே நாற்பது வீடுகள் கொண்ட கிராமம் இருந்தது’ என்று ஒரு பலகையும் மட்டும். திரும்பி வரும்போது மூடுபனி சூழ்கிறது. பனி விலகினால் இருநூறு வருடம் பின்னால் நிற்கிறாள். நாற்பது கூரையிலும் புகை. எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வருகிறான் ஈவன், பாவாடையோடு. அதற்கு மேல் காதலுக்குக் கேட்க வேண்டுமா? முதல் நாளே மல்லிகா அக்கா வண்டியை மெதுவாக்கிவிட்டு, இங்கத்துப் பேச்சு ஒட்டான ‘லா’வோடு கேட்டார்: “குளிரு நாடுங்கிறே, காத்து வேற அடிக்குதுங்கிறே, அந்தாளு ஏன் லா பாவாடை கட்டிக்கிட்டு மலை ஏறுறான்?” பின் இருக்கையிலிருந்து தேவி, “நம்மாளுங்க கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு விடியக்காலக் குளிருல ரப்பர் பால்வெட்டுக்குப் போகலையா, அந்த மாதிரிதான்க்கா” என்றாள். அன்றோடு நாவலின் நீளமான ஆங்கிலத் தலைப்பு மறைந்தது. எங்களுக்கு அது பாவாடைக்காரன் கதை.

நான் நன்றாகவே சொன்னேன், அடக்கம் எல்லாம் வேண்டாம். ஆனும் ஈவனும் முதலில் கைகோத்த அன்று மல்லிகா அக்கா கிளேபாங் சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தி எங்களுக்குப் பீசாங் கோரேங் வாங்கித் தந்தார். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. சுடச்சுடத் தின்றுகொண்டே மிச்சத்தையும் சொல்ல வைத்தார். மூன்று வாரத்தில் கதையின் முடிவுக்கு வந்தேன். மறுபடி மூடுபனி இறங்குகிறது. ஆன் ஈவனின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடுகிறாள். பனி விலகினால் இந்தக் காலம். லண்டனில் பதிவுத் திருமணம். சுபம். நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

“எப்படி ரெஜிஸ்டர் பண்ணுனாங்க?” என்றார் மல்லிகா அக்கா.

ஏன் என்று கேட்டேன். “ஏனா? அவன்கிட்ட ஐசி இல்லையே. பொறப்புப் பத்திரம் எங்க? எரநூறு வருசத்துக்கு முன்னாடி பொறந்தேன்னு கவுண்டர்ல போயி நிப்பானா? எங்கப்பா இந்த மண்ணுலதான் பொறந்தாரு. பேப்பர் இல்லைன்னு சாகுற வரைக்கும் செவப்பு ஐசி. இவன் பாவாடையோட வந்து எறங்குன ஒடனே நீலம் குடுத்துட்டாங்களா?” சிவப்பு அட்டை என்றால் இங்கே தங்கலாம், குடிமகன் இல்லை, நீலம் என்றால் குடிமகன். அவர் அப்பா எழுபது வயதில் இறந்தபோது, நீல அட்டைக்குப் போட்ட மனுவின் ரசீது சட்டைப் பையில் இருந்ததாம். இந்த நாவலை உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர் படித்திருப்பார்கள் தெரியாது. அதில் எவராவது இதைக் கேட்டிருப்பார்களா? விசா முத்திரை குத்திய கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரியும் எனக்கே இது தோன்றவில்லை.

தேவியின் கேள்வி வேறு. முச்சந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கேட்டாள். “அந்த ஊரு ஆளுங்கள்லாம் எங்க போனாங்கக்கா? பால் கறக்குற பொம்பள, கொல்லன் வீட்டு ஆளுங்க? ஊருல ஒரு கல்யாண ஆட்டம் வந்துச்சே, அது வரைக்கும் இருந்தாங்க. அப்புறம் கரையில இவங்க ரெண்டே பேருதான் நிக்கிறாங்க.”

உண்மையைச் சொன்னேன். நிலச்சுவான்தார் ஆடு வளர்ப்பதற்காக நிலத்தைக் காலி செய்துவிட்டான், எல்லோரையும் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டான், அது மூன்று அத்தியாயம் வருகிறது, வெறும் சரித்திரம், போரடிக்கும் என்று விட்டுவிட்டேன் என்றேன்.

“போரடிக்கும்,” என்றாள் தேவி. என் வார்த்தையைத் திருப்பிச் சொன்னதோடு சரி. கார் நின்றது, இறங்கிப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய தோட்டத்தையே விற்றாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. மஸ்ஜித் தானாவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வீட்டு மனையாக்கப் போகிறார்கள், ரப்பர் மரங்களில் சிவப்புச் சாயம் பூசி எல்லை குறித்துவிட்டார்கள், ஆண்டுக் கடைசிக்குள் லயங்களைக் காலி செய்ய வேண்டும். செய்தியாகத் தெரிந்திருந்தது. தினமும் என் பின்னால் உட்கார்ந்து வருகிறவளோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

மறுநாள் அந்த மூன்று அத்தியாயத்தையும் ஒரு வரி விடாமல் சொன்னேன். காகிதத்தோடு வீடு வீடாக வரும் ஏஜெண்ட். கூரையைப் பிரித்துப் போடும் ஆட்கள். மரம் அரிதான ஊர் என்பதால் உத்தரத்தையும் கதவையும் முதுகில் கட்டிக்கொண்டு நடக்கும் குடும்பங்கள். முடித்தபோது தேவி கேட்டது கப்பலைப் பற்றியல்ல. “அவ மொத நாளே பலகைய படிச்சாளேக்கா. நாப்பது வீடு இருந்துச்சுன்னு போட்டிருந்த பலகை. ஊரு இருக்காதுன்னு அவளுக்குத் தெரியும்ல? ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆன் சொல்லவே இல்லை. சொன்னால் ஈவனின் நிம்மதி கெடும் என்று ஓரிடத்தில் நினைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். ஆசிரியருக்கே அது பெரிதாகப் படவில்லை. மூன்று வருடம் இலக்கியம் படித்த நான் அந்தப் பலகையை நிலக்காட்சி என்று எடுத்துக்கொண்டு கடந்துவிட்டேன். காதால் மட்டும் கேட்ட தேவி, மூன்று வாரம் அதை மனதில் வைத்திருந்து சரியான இடத்தில் எடுத்து வைத்தாள். “எங்கம்மா ரெண்டு மாசம் முன்னாடி கன்னுக்குட்டி வாங்குனாங்க,” என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. “கிராணி வந்து பாத்தாரு. நல்ல சுழி, ராசியான கன்னுன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்பவே தோட்டத்த வித்த கடுதாசி அவரு மேசையில இருந்திருக்கு.” கிராணி என்றால் தோட்டத்து அலுவலகக் கணக்கர்.  

இதை எப்படி என்னால் சும்மா விட முடியும்? உறையூர் வழக்கத்தை இருவருக்கும் சொன்னேன். மல்லிகா அக்கா குதூகலமாகிவிட்டார். கிளினிக் மேசையில் உட்கார்ந்து, ‘கதை நன்று. ஆனால் ஐசி விவகாரத்தை ஆசிரியர் விளக்கவில்லை. அடுத்த பாகத்தில் விளக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தார். தேவி தயங்கினாள். படிக்காதவள், கேட்டவள் எழுதலாமா என்றாள். எங்கள் மூவரில் கதையை ஒழுங்காகப் படித்தவள் நீதான் என்றேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பென்சிலில் எழுது என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாள் கழித்து வந்தபோது பக்கம் முழுக்க நீல மை. “பென்சில்னா சின்னப் புள்ளைங்க எழுதுறது அக்கா,” என்றாள். தமிழ்ப் பள்ளியில் கற்ற உருண்டை எழுத்து. அப்படியே தருகிறேன்:

‘இந்தக் கதையை நான் படிக்கவில்லை. காரில் கேட்டேன். பாவாடைக்காரன் நல்லவன். ஆனால் அந்தப் பெண் பலகையைப் படித்துவிட்டு வந்தவள். ஊர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் கப்பல் ஏறாமல் இருந்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. மாட்டையாவது நல்ல விலைக்கு விற்றிருப்பார்கள். பிள்ளைகளின் கல்யாணத்தையாவது முன்னாலேயே வைத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்திலும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தேவி, இரண்டாம் டிவிஷன்.’

உறையூரில் யாரும் பெயர் போட்டு எழுதிப் பார்த்ததில்லை. ஒரு சகோதரி, ஒரு வாசகன், உண்மை விரும்பி, அவ்வளவுதான். இவள் பெயரையும் போட்டு, தோட்டத்தில் தன் பகுதியான டிவிஷனையும் போட்டிருந்தாள். அதற்கு மேலே என் அபிப்பிராயம் இருந்தது: ‘அருமை. நெஞ்சை உருக்கும் காதல்.’ என் பட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக வந்தது. புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்து எடுக்கப்போகிறவர் பின்பக்கத்தைத் திருப்பும் நிமிடத்தைக் கற்பனை செய்துகொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம், புத்தகத்தில் எழுதியதற்கு விளக்கம் கேட்டு நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் நூலக அட்டைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கணவர். கடிதத்தைப் படித்துவிட்டு, “இங்க அப்படிச் செய்ய மாட்டாங்க மா” என்று மட்டும் சொன்னார். தனியாகத்தான் போனேன். நூலகர் புவான் சைத்தூன், அதாவது திருமதி சைத்தூன், ஒரு மலாய்க்கார அம்மையார், மென்மையான குரல், மூக்கு நுனியில் கண்ணாடி. மேசைமேல் நாவல் திறந்து கிடந்தது, பக்கத்தில் அடிக்கோலும் பிளேடும். என் ஆங்கிலமும் அரைகுறை மலாயும் கலந்து விளக்கினேன்: எங்கள் நாட்டில் இது வழக்கம், படித்தவர் அடுத்து வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போவது. அவருக்குப் புரிந்தது வேறு. இந்தியாவில் நூலகப் புத்தகங்களை யாரும் பாதுகாப்பதில்லை போலும் என்று உண்மையாகவே வருத்தப்பட்டு, புத்தகங்களை எப்படிப் பேணுவது என்ற படம் போட்ட சிறுவர் கையேடு ஒன்றை என்னிடம் கொடுத்தார். முதல் தடவை என்பதால் அட்டையை ரத்து செய்யப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புத்தகத்தை அடுக்கில் வைத்துவிடுவார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “தெரிமா காசே” என்று நன்றி சொல்லிவிட்டு, அட்டை பிழைத்தது என்ற சந்தோஷத்தோடு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் காரில் ஏறியபோதுதான் அந்தச் சந்தோஷம் கரைந்தது. பின் இருக்கையில் தேவி மிக உற்சாகமாக இருந்தாள். தன் பக்கத்தை யார் படித்திருப்பார்கள், சீனரா மலாய்க்காரரா, அவர்களுக்குத் தமிழ் தெரியாதே, அதற்குப் பக்கத்திலேயே மலாயிலும் எழுதியிருக்கலாமோ என்று கேட்டுக்கொண்டே வந்தாள். படிப்பை விட்ட பிறகு அவள் தன் மனதிலிருந்து எழுதிய ஒரே பக்கம் அது. இன்னும் இரண்டு நாளில் அது இருக்காது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தேவையான அட்டை மட்டும் என் கையில் பத்திரமாக இருக்கிறது. கதாநாயகியைக் குறை சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

கிளேபாங் தாண்டும்போது சொல்லிவிட்டேன். கடிதம், பிளேடு, வெள்ளிக்கிழமை, நான் நன்றி சொல்லிவிட்டு வந்தது, எல்லாவற்றையும். மல்லிகா அக்கா வண்டியை ஓரம் கட்டினார்.

“வெட்டுனப்புறம் அந்தத் தாள என்னா செய்வாங்க?” என்றாள் தேவி.

“குப்பைக்குத்தான் போகும்.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல. அப்ப என்னா எழுதியிருக்குன்னு தெரியாமலே வெட்டுறாங்க.” முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். “நாளைக்கு நான் வரேன்க்கா. படிச்சுக் காட்டுறேன். அதுக்கப்புறம் வெட்டட்டும்.”

நான் சொன்னதற்காக அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் மதிய இடைவேளையில் மூவரும் போனோம். மல்லிகா அக்கா கிளினிக் சீருடையிலேயே வந்தார். தேவி மேசைக்கு முன்னால் நின்று, சரளமான மலாயில், புவான், இதை வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கேளுங்கள் என்றாள்.  கார்க்கதவு ஓரம் ஒடுங்கி உட்கார்ந்து வருகிற பெண்ணா இது? பத்து வார்த்தைக்கே நான் திக்குகிற மொழியில் அவள் முதலில் கதையைச் சொன்னாள், தீவு, பலகை, பாவாடைக்காரன், கப்பல். பிறகு தன் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் பார்த்து மலாயில் சொன்னாள்; கடைசி வரியை விளக்க, அம்மா வாங்கிய கன்றுக்குட்டியையும் கிராணியையும் சேர்த்துக்கொண்டாள். குரல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுக்கியது, மாடு வரும் இடத்தில். பக்கத்து மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் தாளை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் நீங்கள் எல்லோரும் அங்கே இருந்திருக்க வேண்டும். தோட்டத்து ஜனங்கள் என்று சொன்னீர்களே, அந்த ஜனத்தில் ஒருத்தி, தான் படிக்காத ஒரு புத்தகத்தை அதைப் படித்த எல்லோரையும்விட நன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

புவான் சைத்தூன் கண்ணாடியைக் கழற்றினார். கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கன்றுக்குட்டி இப்போது எங்கே என்று கேட்டார். இன்னும் இருக்கிறது, அம்மாவுக்கு விற்க மனம் வரவில்லை, போகப் போகிற அடுக்குமாடியில் கட்டவும் இடமில்லை என்றாள் தேவி. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அதிகாரியாகிவிட்டார். எழுதிய புத்தகத்தை அடுக்கில் வைக்க முடியாது, விதி விதிதான். ஆனால் இன்னொரு விதியும் உண்டு: இரவல் வாங்கியவர் அதே புத்தகத்தின் புதிய பிரதி ஒன்றைக் கொண்டுவந்தால், பழுதான பிரதியைப் பதிவிலிருந்து நீக்கி அவர் சொல்கிறவருக்கே கொடுத்துவிடலாம். அதுவரை இது என் மேசையில் இருக்கும் என்று சொல்லி, பிளேடை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

புதிய பிரதி கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. மல்லிகா அக்காவின் கிளினிக் டாக்டர் சிங்கப்பூர் போனபோது வாங்கி வந்தார். அந்த ஐந்து வாரத்தில், நூலகத்தில் இருந்த பிரதிக்காக இரண்டு பேர் கேட்டு வந்ததாகவும், கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தான் அவர்களுக்குச் சொன்னதாகவும் புவான் சைத்தூன் ஒருநாள் என்னிடம் சொன்னார். ரகசியம் போலத்தான் சொன்னார். சிறுவர் கையேட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

பழைய பிரதி இப்போது தேவியின் தோட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலியாகாமல் மிச்சமிருக்கும் லயங்களில் சாயங்காலம் அவள் கதை சொல்கிறாள், நான் விட்டதுபோல் எதையும் விடாமல். கேட்டவர்கள் எழுதுகிறார்கள், எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். கதவைச் சுமந்துகொண்டு போன குடும்பத்தை ஒருவர் பாராட்டியிருக்கிறார், தானும் தன் கதவைக் கழற்றப் போவதாகச் சொல்லி. ஆன் முதல் வேலையாக அந்தப் பாவாடைக்காரப் பிள்ளைக்கு ஒரு காற்சட்டை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது தேவியின் அம்மாவுடைய அபிப்பிராயம். பக்கம் தீர்ந்து, தேவி தாள் ஒட்ட ஆரம்பித்திருக்கிறாள். நானும் என் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டேன். வரிசையில் நில்லுங்கள் என்று பதில் வந்தது.

பிரதியை வாங்கிய நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நூலகத்தில் ஒரு பாரம் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பப் படிவத்தை இங்கே பாரம் என்பார்கள். பெறுகிறவர் என்ற இடத்தில் தேவி எழுதினாள். முகவரிக் கட்டத்தில், நாலாவது லயம், வீட்டு எண் பதினொன்று, இரண்டாம் டிவிஷன், தோட்டத்தின் பெயர், ஒன்றையும் சுருக்காமல், அதே உருண்டை எழுத்தில். புவான் சைத்தூன் அதைப் படித்துவிட்டு, புதிய வீட்டு முகவரி தெரிந்தால் அதைக் கொடுக்கலாமே, பின்னால் சௌகரியமாக இருக்கும் என்று தயக்கத்தோடு சொன்னார்.

“மாசிஹ் அடா, புவான்,” என்றாள் தேவி. இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

திருப்பிக் கொடுப்பவர் என்ற இடம் என்னுடையது. ‘நிலையான முகவரி’ என்று கேட்டிருந்தது. கை தன்பாட்டில் உறையூர் வீட்டுக் கதவு எண்ணில் தொடங்கித் தெருப் பெயரையும் எழுதிவிட்டது. அங்கே கடிதம் போட்டால் உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டார் புவான் சைத்தூன். அடிக்கலாமா என்றேன்; இந்தப் பாரத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். ஆகவே கீழேயே, இங்கே டயர் கடைத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரியையும் எழுதினேன். இரண்டு முகவரிக்குக் கட்டம் போதவில்லை. மஸ்ஜித் தானா என்ற இரண்டு சொற்கள் மட்டும் கோட்டைத் தாண்டி, ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவற்றின் மேலேயே முத்திரையைக் குத்தி, பாரத்தை உள்ளே வாங்கிக்கொண்டார்.